மேட்டடியில் பச்சைப் புல்

"சுத்தி அவ்வளவும் காஞ்சு கெடக்குது டீச்சர். அந்த மேட்டு அடியில மட்டும் புல்லு எப்படி இவ்ளோ பச்சையா இருக்குது?"

கட்டிய மனைவியையே டீச்சர் என்று கூப்பிடுகிற நீங்கள், கடல் தாண்டிப் போன இடத்திலிருந்து என்னிடம் கேட்ட கேள்வி. அறிவியல் பாடம் எடுத்த காலமெல்லாம் பிள்ளைகள் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லிவிட்டு, சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மறந்திருக்கிறேன். இது ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

இன்று காலை கொல்லைப்பக்கம் துணி காயப்போடப் போனேன். கத்திரி வெயில். மண் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது, செம்பருத்திகூடத் தலை தொங்கிவிட்டது. மதில் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும், ஒரு முறம் அகலத்துக்கு, அருகம்புல் பளபளவென்று நின்றது. குழாய் அங்கே இல்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. குனிந்து தொட்டுப் பார்த்தேன். மண் குளிர்ந்திருந்தது. பூமிக்குள் போகும் பைப் எங்கோ கசிகிறது போலிருக்கிறது. பிளம்பரைக் கூப்பிட்டால் முடிந்துபோகிற வேலை. ஆனால் பிழியாத புடவையைத் தோளில் போட்டபடி, அது முதுகெல்லாம் சொட்ட, அந்தப் புல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வந்து எதிரில் குந்தியிருப்பது போல இருந்தது. காக்கி பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு.

இது நீங்கள் பார்க்காத வீடு. நான் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பம் பக்கம் வந்துவிட்டேன். மாடி இல்லை. மாடி என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வரும், தெரியும்.

வாடகை வீட்டு மாடியில் குடியிருக்கும் என் தங்கையைப் பார்த்துவிட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடி வீடு நன்றாகத்தான் இருக்கிறது, காற்று வருகிறது என்று சும்மா சொன்னேன். நீங்கள் டி.வி.எஸ். ஐம்பதை எடுத்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, நெய்வேலிச் சுரங்கத்தின் பழைய மண்மேட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். நிலக்கரிக்கு மேலே இருந்த மண்ணையெல்லாம் வெட்டி எடுத்துக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு. நீங்கள் டோசர் ஓட்டிப் பரப்பிய மண். அதற்குள் அதன்மேல் முந்திரியும் தைலமரமும் வளர்ந்து, மயில் நடமாடிக்கொண்டிருந்தது. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் டவுன்ஷிப்பின் மரங்கள், மறு பக்கம் அனல் மின் நிலையத்தின் புகை, நடுவில் சாயங்கால மஞ்சள்.

"மாடி வூடு கட்டித் தரல. மலையே கட்டித் தந்துக்கீறேன். போதுமா டீச்சர்?"

"இதுல எங்கே சமைக்கிறது?"

"காத்து கேட்டியே, காத்து குடுத்தேன். சமையல வூட்டுல வச்சுக்க."

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போயிருப்போம்! மகளுக்கு விழுந்த முதல் பல்லைப் புதைத்தது அந்த மேட்டில்தான். அவளுக்குத் திருமணம் நிச்சயமான செய்தியை நாம் முதலில் சொன்னது அங்கிருந்த மயில்களிடம்தான். தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகும் போனோம். முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. நீங்கள் காலால் தரையை ஓங்கி மிதித்துக் காட்டினீர்கள்.

"மரந்தான் வுழுந்துச்சு. மேடு நிக்குது பாத்தியா. ஒருதரம் பச்ச புடிச்சுடுச்சுன்னா மண்ணு அசையாது."

அப்படித்தான் நாம் நம்பினோம். மேட்டில் பச்சை வந்துவிட்டால் மண் இறுகிவிட்டது, இனி பயமில்லை. நாம் மட்டுமில்லை, நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். கொட்டிய மண் வெள்ளையாக இருக்கும்வரை பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள், பச்சை பிடித்ததும் அங்கேயே ஆடு மேய்ப்பார்கள். நம் காய்ந்த மண்ணுக்கு அது சரியாகவும் இருந்தது.

உங்கள் கேங்கில் ஒரு வழக்கம் இருந்ததே, அதையும் சொல்லிவிடுகிறேன். மெஷினை விட்டு இறங்க முடியாமல் யாராவது ஒருவர் எப்போதும் மாட்டிக்கொண்டிருப்பார். அவருக்குச் சோறு போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். அந்த வழக்கத்தை நீங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தீர்கள். அரையாண்டு விடைத்தாள்களுக்கு நடுவில் நான் மூழ்கியிருந்தால், தட்டில் சோறு போட்டு என் மேசைக்கே வந்துவிடும்.

"மெஷின்ல இருக்கறவங்களுக்கு மொதல்ல," என்பீர்கள். குழம்பு பட்ட விரல் அடையாளத்தோடு எத்தனையோ விடைத்தாள்கள் என் வகுப்புக்குப் போயிருக்கின்றன.

ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் வீட்டில் இருந்த சில மாதங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான். ஷிப்ட் சங்கு ஊதினால் எழுந்து நிற்பீர்கள். பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவீர்கள். உங்களோடு வேலை பார்த்தவர் ஆப்பிரிக்காவில் ஒரு செம்புச் சுரங்கத்துக்கு ஆள் கேட்கிறார்கள் என்று வந்து சொன்னபோது, உங்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ரெண்டே வருஷ கான்ட்ராக்ட். வந்து மேட்டுல ஒக்காந்துக்கினு அந்த ஊர்க் கதைய உனக்குச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஎம்ஓ வீடியோ அழைப்பில் வருவீர்கள். முகம் ஒரு கட்டமாகவும் குரல் ஒரு கட்டமாகவும், இரண்டும் சேராமல், கனவில் பேசுகிறவரைப் போல. முதல் மாதத்திலேயே போனைத் திருப்பி அந்த மேட்டைக் காட்டினீர்கள். நீளமாக, பள்ளத்தாக்கைக் குறுக்கே மறித்த ஒரு கரை. செம்புக்கல்லை மாவாக அரைத்து, செம்பை எடுத்த பிறகு மிச்சமாகிற குழம்பை அதற்குப் பின்னால் தேக்கி வைத்திருந்தார்கள். கரையைக் கட்டியதும் அதே மாவால்தான். குழம்பு ஏற ஏறக் கரையையும் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் உங்கள் டோசர்.

கரையின் அடியில் இளம்பச்சையாகப் புல். அதற்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுச் சமையல், சாப்பாடு எல்லாம்.

"எடத்த நாந்தான் காட்டினேன் டீச்சர். வெட்டவெளியில வேவுறானுங்க. இங்க பாரு, புல்லு மெத்தை. நம்ம மேடு மாதிரியே இல்ல?"

"அப்படியே நம்ம மேடுதாங்க," என்றேன். மயில் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன்.

அங்கே மழை நின்று மாதங்கள் ஆயின. ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்குப் பின்னால் இருந்த நிலம் நிறம் மாறிக்கொண்டே வந்தது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சாம்பலாகி, ஒரு நாள் தூரத்துக் குன்றில் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. அன்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். என்னைச் சீண்டுவதற்காக அறிவியல் கேள்வி கேட்கிற உங்கள் பழைய பழக்கம் என்றுதான் நானும் நினைத்தேன்.

பதிலை உடனே சொல்லாமல் ஏதாவது ஒன்றை எடுத்துக் காட்டுவதுதான் என் பழக்கம், உங்களுக்குத் தெரியாதா. அடுக்களையில் முந்தின நாள் உறை ஊற்றிய தயிர் இருந்தது. சட்டியைத் தூக்கிவந்து போனுக்கு முன்னால் வைத்து, கரண்டியால் நடுவில் ஒரு வெட்டு வெட்டி எடுத்தேன்.

"குழி தெரியுதாங்க?"

"தெரியுது. செவுரு கட்டின மாதிரி நிக்குது. யாரு வூட்டுப் பாலு, இவ்ளோ கெட்டியா?"

"பால்காரர் கதை அப்புறம். கொஞ்ச நேரம் வேற பேசுவோம்."

மகளைப் பற்றிப் பேசினோம். அவள் மாமியார் கற்றுக்கொடுத்த மீன் குழம்பைப் பற்றி. பிறகு சட்டியைச் சாய்த்துக் காட்டினேன். குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"தண்ணி ஊத்தினியா?"

"நான் எங்கேங்க ஊத்தினேன்? உள்ளேயே இருந்தது. வழி கிடைச்சதும் வெளியே வருது."

உங்கள் முகம் பின்னால் திரும்பிக் கரையைப் பார்த்தபடி அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அப்ப இந்தப் புல்லு மழத்தண்ணி குடிக்கல," என்றீர்கள்.

"இல்லைங்க."

"மேடே குடுக்குது."

எனக்கு அப்போதுதான் கரையடியில் போட்ட உங்கள் கொட்டகை நினைவுக்கு வந்தது. சட்டியைக் கீழே வைக்கப்போனவள் தடாலென்று வைத்துவிட்டேன். அதுவரை சுவர் போல நின்ற தயிர், அந்த அதிர்ச்சியில் சரிந்து, குழியை மூடி, சமமாகி, ஒன்றுமே நடக்காதது போலத் தளதளவென்று கிடந்தது. நாம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், நான் இங்கே, நீங்கள் அங்கே.

"டீச்சர், சட்டிய மூடி வை," என்றீர்கள் மெதுவாக.

அடுத்த ஞாயிறு சொன்னீர்கள். மறுநாளே பூட்ஸைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில் வெறுங்காலோடு நடந்தீர்களாம். மதிய வெயிலில் மற்ற இடமெல்லாம் தோசைக்கல்லாய்ச் சுட, அங்கே மட்டும் பாதம் சில்லிட்டதாம். அழுத்தி மிதித்தால் சொதசொதவென்று கால் விரலுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் சேறு வந்ததாம். சைட் மேனேஜரிடம் போய்ச் சொன்னீர்கள். புல் நல்லதுதானே, மண்ணை அரிக்க விடாது, நீங்கள் டோசரைப் பாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

"அவரு மேல கோவமே வரல டீச்சர். அந்த எடத்தக் காட்டினதே நாந்தானே. நெய்வேலிக்காரன் புத்தி, பச்சையப் பாத்ததும் பாய விரிச்சுட்டேன்."

"நீங்க வந்துடுங்க. நாளைக்கே வந்துடுங்க."

"வந்துடறேன். எழுதிக் குடுத்துட்டேன். வேற ஆளு வரணும், பொங்கலுக்குள்ள வுட்டுடுவாங்க. அதுக்குள்ள இவனுங்க சாப்புடற எடத்த மேல ஏத்திடணும்."

அதற்கு அடுத்த வாரம் நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கரை கசிகிறது என்று சொன்னபோது எல்லோரும் தோளைக் குலுக்கினார்களாம். புல்லுக்குள் பாம்பைப் பார்த்தேன் என்று சொன்னீர்களாம்.

"பாம்புன்னு வாய மூடல. அடுப்பத் தூக்கினவன் ஒருத்தன், அண்டாவத் தூக்கினவன் ஒருத்தன். தகரத்தப் பிரிச்சு மேட்டுக்கு அந்தாண்ட, பாறை மேல, ஒரே ஓட்டம். மேல்பட்டாம்பாக்கத்துப் பையன் இருக்கான்ல, மெஷின் ரிப்பேரு பாக்குற பிட்டரு, அவன் ரெண்டு செருப்பையும் வுட்டுட்டு ஓடிட்டான்."

"பொய் சொன்னீங்களா?"

"நீ மார்க்கு போட மாட்ட, தெரியும். ஆனா எல்லாரும் பாஸு."

ஒருவரைத் தவிர. கரையின் அடியில் தெளிந்த தண்ணீரை இறைக்கிற மோட்டார் அறையில் டேவிட் என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். பாம்புக்கு அவர் பயப்படவில்லை. பயந்திருந்தாலும் மோட்டாரை விட்டு வரமுடியாது. மற்றவர்கள் பாறைக்கு ஏறிப்போன பிறகு அவருக்குச் சோறு கீழே போக வேண்டியிருந்தது. நம் ஊர் வழக்கத்தை அங்கே பழக்கியவர் நீங்கள். அவருக்குப் போகாமல் இங்கே யாரும் தட்டைத் தொடக் கூடாது.

"வேற யாராவது கொண்டு போகட்டுமேங்க," என்று நான் சொன்னேன்.

"மேல போவச் சொன்னவனே நானு. கீழ போன்னு இன்னொருத்தன எப்படிச் சொல்ல? பத்தே நிமிஷம். குடுத்துட்டு ஏறிடுவேன்."

அந்த ஐப்பசியில் நான் ஒவ்வொரு நாளும் நம் மதியத்துக்கும் அவர்கள் மதியத்துக்கும் உள்ள இடைவெளியை மனத்துக்குள் வைத்துக்கொண்டே பாடம் நடத்தினேன். இங்கே கடைசிப் பீரியட் தொடங்கும்போது அங்கே நீங்கள் சோற்றுத் தூக்கை எடுப்பீர்கள். மணி அடிப்பதற்குள் ஏறியிருப்பீர்கள். மணி அடித்தால் எனக்கு மூச்சு வரும்.

இங்கே அடைமழை. அங்கேயும் முதல் மழை பெய்திருந்தது என்று சொன்னீர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை மணி அடித்தது, மூச்சு விட்டேன், கரும்பலகையை அழித்தேன், பிள்ளைகள் குடையோடு ஓடுவதைப் பார்த்தபடி நின்றேன். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கிறது. சாயங்காலம்தான் போன் வந்தது.

அந்த மேல்பட்டாம்பாக்கத்துத் தம்பி மறு மாதம் ஊருக்கு வந்ததும், வீட்டுக்குக்கூடப் போகாமல், பையோடு நேராக நம் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான்.

"நாங்கல்லாம் பாறை மேல ஒக்காந்துக்கினு இருந்தோம்மா. தட்டு முன்னால இருக்குது, யாரும் தொடல. சாரு டேவிட்டு கையில தூக்கக் குடுக்கறது இங்கருந்தே தெரியுது. குடுத்துட்டுத் திரும்பிக் கைய ஆட்டினாரு, சாப்புடுங்கடான்னு. நாங்க தட்டுல கைய வச்சோம்."

நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினான்.

"சத்தமே இல்லம்மா. மொதல்ல புல்லுதான் நடந்துச்சு. அப்படியே பச்சையா, நேரா நின்னுக்கினு, வயலே எழுந்து வர்ற மாதிரி நடந்து வந்துச்சு. என்னாடா இதுன்னு பாத்துக்கினே இருந்தோம். அப்புறந்தான் மேலேருந்து கரை எறங்கிச்சு. கரை மாதிரி இல்ல, கஞ்சி மாதிரி."

பள்ளத்தாக்கின் கடைசி வரை போய்விட்டதாம். கரைமேல் வேலையில் இருந்தவர்கள், ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவர்கள், டேவிட், நீங்கள். எத்தனையோ பேர் கிடைக்கவே இல்லை. நீங்களும் கிடைக்கவில்லை. பாறைமேல் இருந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள், சோற்றில் கை வைத்தபடி.

"பாம்பு இல்லன்னு எங்களுக்கு அப்புறந்தாம்மா தெரியும்," என்றான் அந்தத் தம்பி. பிறகு வாய்விட்டு அழுதான். சோறு போட்டேன். முதலில் என் தட்டைப் பார்த்தான். நான் ஒரு வாய் எடுத்த பிறகுதான் சாப்பிட்டான்.

கடலூர்க் கடலில் உங்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்தோம். கரைக்க ஒன்றுமில்லாத கையை மகள் தண்ணீரில் நனைத்துவிட்டு வந்தாள்.

இப்போதெல்லாம் கனவில் அந்தப் புல்தான் வருகிறது. பயமாக இல்லை, அதுதான் எனக்கே வியப்பு. சாயங்கால மஞ்சளில், ஒரு பசு வீடு திரும்புவது போல, பச்சை அலை அலையாக நம் மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறது. நீங்கள் அதன்மேல் வெறுங்காலோடு நின்றபடி, அசையாமல், அதன் போக்கிலேயே வருகிறீர்கள். கையில் தூக்கு காலியாக ஆடுகிறது. குடுத்துட்டேன் டீச்சர் என்கிறீர்கள். நான் ஏதோ கேட்க வாயெடுக்கும்போது விழித்துவிடுகிறேன். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ஜன்னல் கம்பி தெரியும். சுரங்கத்துப் பக்கமிருந்து மண் சுமக்கும் பெல்ட்டின் இரைச்சல், மழை போல, நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

உங்கள் வழக்கத்தை நான் விடவில்லை. தெருமுனை ஏ.டி.எம். வாசலில் ஒரு பெரியவர் காவல் இருக்கிறார், சேத்தியாத்தோப்புக்காரர். மாற்று ஆள் வரும்வரை நாற்காலியை விட்டு நகர முடியாது. அவருக்குக் கொடுத்துவிட்டு வந்துதான் என் தட்டைப் போடுகிறேன். நன்றியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை அவர்.

"டீச்சரம்மா, நேத்தும் உப்பு கம்மி," என்பார்.

"நாளைக்குச் சேர்த்துப் போடறேங்க."

"அதத்தான் போன வாரமும் சொன்னீங்க."

மத்தியானம் பிளம்பர் வந்து பைப்பைச் சரிசெய்துவிட்டுப் போனார். நாலு நாளில் அந்தப் புல்லும் மற்றதைப் போலக் காய்ந்துவிடும் என்றார். காயட்டும். அதுவரை காலையும் மாலையும் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் உங்களைக் காப்பாற்றவில்லை. பாறைமேல் இருந்தவர்களைக் காப்பாற்றியது. அதை எந்தப் பக்கம் எழுதுவது, லாபத்திலா நஷ்டத்திலா என்று நான் யோசிப்பதை விட்டுவிட்டேன். கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் எனக்கு மட்டுமானதாக இருக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதி வெளியே கொடுக்கிறேன்.

ஆகவே, இதைப் படிக்கிற உங்களுக்கு ஒன்று: இந்தக் கோடையில், எல்லாம் காய்ந்து கிடக்கும் ஒரு நாளில், உங்கள் ஊர் ஏரிக்கரையின் வெளிப்புற அடிவாரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருமுறை நடந்து பாருங்கள்.